வெள்ளையில் வெள்ளை

ஆலாவின் காலில் மாட்டும் வளையத்தில்
இடம் கொஞ்சம்தான்.
ஓர் எண், எங்கள் தளத்தின் பெயர்.
செத்த பறவையைக் கண்டெடுப்பவர்
தளத்துக்கு வந்து, முகவரி பார்த்து,
எங்களுக்கு எழுத வேண்டும்.
பதினோரு ஆண்டுகள் எழுதினார்கள்:
மீன்வலையில் சிக்கியது, பூனை கவ்வி வந்தது,
தேவாலயக் கூரையில் காய்ந்து கிடந்தது.

பிறகு அவை வந்தன,
கையில்லாமல் பக்கம் புரட்டும் நிரல்கள்.
முகவரியின் நடுவில் இருக்குமே, அந்தச் சுழி,
அதைக் கண்டால் இருபுறமும் சேர்த்துக்
கிள்ளிக்கொண்டு போய்விடும்.
பின்லாந்தில் நாங்கள் அதைப் பூனைவால் என்போம்.
வாலைப் பிடித்தால் பூனையே வரும் என்று
யாரோ அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

மே மாதம், நாளொன்றுக்கு நாலாயிரம்.
யாரோ விட்டுச்சென்ற கோடிகள்,
முடி வளர்க்கும் தைலம்,
'அன்புள்ள பறவை அவர்களே' என்று தொடங்கும் கடன்.
அதற்குள் எங்கோ ஒரு நிஜப் பறவை.
வைக்கோல்போரில் ஊசி தேடிவிடலாம்.
ஊசிப்போரில் ஒரு வைக்கோலை
எந்தக் கையால் தேடுவது?

ரைலி சொன்னாள்:
தெல்லெர்வோ, தளம் உன் பொறுப்பு. ஏதாவது செய்.

செய்தேன்.
பூனைவாலை நறுக்கிவிட்டு
'இங்கே வால்' என்று எழுதினேன்.
பன்னிரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டன.
முகவரியைப் பின்னிருந்து முன்னாக எழுதி
திரையில் மட்டும் நேராக்கிக் காட்டினேன்.
மூன்று வாரம்.
கடைசியில் படமாக்கி ஒட்டினேன்.
படத்தில் எழுத்தில்லை, வெறும் புள்ளிகள்;
கண் உள்ளவர்க்கே அது முகவரி.

கூடவே ஒரு பொறி.
வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில்
இன்னொரு முகவரி.
மனிதர் யாருக்கும் தெரியாது;
ஆகவே அதற்கு எழுதுவது மனிதரல்ல.
எழுதிய நொடியே
எழுதியவர் வாசல் அடைபடும்.
இந்தத் தர்க்கத்துக்காக
அன்று நானே எனக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டேன்.

அமைதி.
உறையப்போகும் கடல்போல்
அஞ்சல்பெட்டி.

நவம்பரில் இடம் நிரம்பிப்போய்ப்
பொறியைக் காலிசெய்யப் போனேன்.
இருபத்தாறாயிரம்.
எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து
அழிக்கும் விசைமேல் விரல் வைத்தபோது
தலைப்பில்லாத ஒன்று.
ஆகஸ்ட் ஒன்பது.

'வணக்கம். என் பெயர் அர்மாஸ்.
என் நாய் ஒரு பறவையைக் கொண்டுவந்தது.
சிறியது, வால் பிளந்தது, காலில் உலோகம்.
எண்கள் விரலுக்குப் பிடிபடவில்லை.
நாக்கு நுனியால் படித்தேன்.
கடைசி எண் மூன்றோ எட்டோ.
எனக்குப் பார்வையில்லை.
உங்கள் பக்கத்தைக் கணினி வாசித்துக்காட்டியது.
"படம்" என்றது. பிறகு ஒரு முகவரி சொன்னது.
அதற்குத்தான் எழுதுகிறேன்.
பறவை உறைபெட்டியில், மீனுக்குப் பக்கத்தில்.
என்ன செய்யட்டும்?'

அந்த நொடியே அவர் வாசலை அடைத்திருந்தேன்.
அதன்பின் எத்தனை முறை தட்டினார்
என்பதற்குப் பதிவில்லை.

தொலைபேசியில் பிடித்தேன்.
'பறவையைப் புதைத்துவிட்டேன்,' என்றார்,
'மீனுக்கு இடம் வேண்டியிருந்தது.
வளையம் இருக்கிறது.'
நான் நீளமாக ஏதோ விளக்கினேன்:
நிரல்கள், பொறி, வெள்ளை எழுத்து.
'ஓ,' என்றார்.
பிறகு நாய் குரைத்தது.

முகவரி இப்போது வெறும் எழுத்தாகவே இருக்கிறது,
பூனைவாலோடு.
இன்று காலை முந்நூற்றுப் பன்னிரண்டு.
ரைலி பேசுவதில்லை.
ஒவ்வொன்றாகத் திறக்கிறேன்,
தேநீர் ஆறிப்போகிறது.

தீப்பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருந்தார்.
கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை மூடி,
வளையத்தை நாக்கு நுனியில் வைத்தேன்.
உப்பு. தகரம்.
எண் எதுவும் கிடைக்கவில்லை.

கண் திறந்து பார்த்தேன்.
எட்டு.