வராதவர்கள் கணக்கு

காலை ஐந்தரை.
லிமாவில் மழை பெய்வதில்லை.
மழையாக மனம் வராத ஓர் ஈரம்
தண்டவாளத்தின் மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.
மேட்டு நிலையத்தின் ஏழாம் வாயிலருகே
முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.
கையில் எண்ணும் கருவி. ஒரு தலைக்கு ஒரு டிக்.
ஆற்றில் கொட்டினாலும் அளந்துதான் கொட்ட வேண்டும்.
அளப்பவள் நான், ஃபிலோமெனா உவார்காயா.
சம்பளத்தில் பாதி அரசு, பாதி கம்பெனி.
அதனால் இரண்டு பேருமே என்னை நம்புவதில்லை.

ஒப்பந்தம் நானூற்றுப் பதினாறு பக்கம்.
என் கைக்கு வந்தது இரண்டு.
அதில் ஒரு வரி:
நாளொன்றுக்குத் தொண்ணூறாயிரம் பேர்.
குறைந்தால், குறைகிற ஒவ்வொரு தலைக்கும் மூன்று சோல்
அரசு கொடுக்கும். முப்பது வருடத்துக்கு.

தொண்ணூறாயிரம் என்று எழுதியவர்
இந்தக் குன்றில் ஏறியிருக்க மாட்டார்.
ஏறியிருந்தால்
கடைசி வீட்டிலிருந்து நிலையத்துக்கு
இருநூற்று முப்பது படி என்று
முழங்கால் சொல்லியிருக்கும்.

நேற்று எல்லா வாயிலிலும் சேர்த்து வந்தவர்கள்
ஐம்பத்தோராயிரத்து இருநூற்று எட்டு.
மிச்சம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேர் வரவில்லை.
வராமலே டிக்கெட் வாங்கியவர்கள்.
நல்ல பயணிகள்.
கதவை மறிக்க மாட்டார்கள், துப்ப மாட்டார்கள்,
சில்லறை இல்லை என்று சண்டைக்கு வர மாட்டார்கள்.
அவர்கள் கட்டணம்
உப்பு வாங்கும்போது, சோப்பு வாங்கும்போது
நம் பையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

பொய் சொல்ல மாட்டேன்.
பக்கத்து வீட்டு பெனிக்னாவுக்கு
வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும்.
முன்பெல்லாம் இரண்டே கால் மணி நேரம்,
மடியில் வாளியோடு, வேனின் பின்சீட்டில்.
இப்போது இருபத்தாறு நிமிடம்.
திரும்பி வரும்போது தூங்கிக்கூடப் போகிறாள்.
அந்த இருபத்தாறு நிமிடத்தை வாங்கும் பணம்
எங்கள் கருவூலத்தில் என்றைக்கும் இருந்ததில்லை.
யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள்.
கொண்டுவந்தவன் வட்டி கேட்பான்.
கேட்கட்டும்.
எவ்வளவு என்பதுதான் என் மடியில் கிடக்கிறது.

அண்ணன் ரொசெந்தோவின் கோம்பி வேன்
கீழ்ச்சாலையில் ஓடியது.
மகன் ஓட்டுவான். இவன் கதவில் தொங்கிக்கொண்டு,
"ஏறு, ஏறு, இடம் இருக்கு!"
எள் போட்டால் எண்ணெயாகும் நெரிசலுக்குள்
இன்னும் நாலு பேரைத் திணிப்பான்.
ஒன்றரை சோல். கடனுக்கும் ஏற்றுவான்.

மார்ச்சில் இன்னொரு பக்கத்தைத் திறந்தார்கள்.
பாதையிலிருந்து எண்ணூறு மீட்டருக்குள்
போட்டி வண்டி கூடாது.
வராதவர்களை வரவழைக்க
அதுதான் வழி என்று அமைச்சகத்தில் யாரோ
கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
கணக்கில் பிழையில்லை. நானும் போட்டுப் பார்த்தேன்.

வேன் எடைக்குப் போனது.
கதவை மட்டும் கழற்றி
மாடியில் சாத்தி வைத்திருக்கிறான்,
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் ஏழாம் வாயிலுக்கு வந்தான்.
புது அட்டை. முதல் முறை ஒலிக்கவில்லை.
திருப்பி வைத்தான். திறந்தது.
கட்டைவிரல் தானாக அழுந்தியது.
"எண்ணிட்டியா?"
"எண்ணிட்டேன்."
"எந்தப் பக்கம்?"

வந்தவர்களில் ஒன்று கூடியது,
வராதவர்களில் ஒன்று குறைந்தது,
அரசுக்கு மூன்று சோல் மிச்சம்
என்று சொல்லியிருக்கலாம்.
பின்னால் வரிசை நின்றது. நகர்ந்து போனான்.

நடைமேடையில் ரயில் கதவு திறந்ததும்
உள்ளே போய், கம்பியைப் பிடித்து,
பாதி உடம்பு வெளியே சாய்த்து,
பழக்கதோஷம்,
"ஏறு, ஏறு, இடம் இருக்கு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.
காவலாளி விசில் ஊதினான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
பெட்டி முழுக்க
நிஜமாகவே இடம் இருந்தது.