ஒன்பதரை மணி நேரம்

ஜெபக்கனி போன பிறகு
ஆன்டாப் ஹில் வீட்டில் இரண்டு கடிகாரங்கள்.
ஒன்று ஆணியில்.
இன்னொன்று என் விரல்களில்:
ஒன்பதரையைக் கழித்தால்
மிஞ்சுவது அவள்.

செப்டம்பரில் புயல் மேய்ந்துவிட்டுப் போன
கரீபியன் தீவு ஒன்று.
பார்சல் அனுப்பப் போய்ப் பெயரைச் சொன்னால்
"ஆப்பிரிக்காவா?" என்கிறார் தபால் குமாஸ்தா.
அதற்கும் அந்தப் பக்கம், என்றேன்.
எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அங்குள்ள மருந்தகங்களின் குளிர்பெட்டிகளுக்குச்
சூரிய மின்சாரம் பூட்டுகிறாள்.
சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.
"கிறிஸ்மஸும் அதுவுமாவா போவாக, அண்ணாச்சி?"
சபையில் கேட்கிறார்கள்.
தடுப்பூசிக்குப் பண்டிகை தெரியாது
என்று அவள் சொன்னதை
நான் சொல்வதுபோல் சொல்கிறேன்.
அதே வாக்கியத்துக்குத்தான் நவம்பரில்
பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தேன்.

காலை எட்டு பத்து, ஹார்பர் லைன்.
தண்டவாளத்தை ஒட்டிய கூரைகளில் நீலத் தார்ப்பாய்,
பறக்காமலிருக்க மேலே செங்கல், டயர்,
சக்கரமில்லாத ஒரு குழந்தை சைக்கிள்.
மழை ஓய்ந்து இரண்டு மாதமாகியும்
யாரும் எடுக்கவில்லை.
அவள் அனுப்பிய படத்தில்
மலைச்சரிவு முழுக்க அதே நீலம்.
"டயருக்குப் பதில் தென்னமட்டை.
மத்தபடி நம்ம வடாலாதான்."
பத்தொன்பது வருடமாக இந்த ரயிலில் போகிறேன்.
என்ன நிறம் என்று கேட்டிருந்தால்
போன மாதம்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

பதினெட்டாம் தேதி சிக்னல் கிடைத்தது,
நான்கு நிமிடம்.
பின்னால் ஒரு சேவல் விடாமல் கூவியது.
மருந்தகம் பெருக்கும் எர்லின்
தன் வீட்டில் மிஞ்சிய ஒரே பானையில்
சிவப்பாக ஏதோ காய்ச்சிக் கொடுத்தாளாம்,
இஞ்சி, கிராம்பு, நிறையச் சர்க்கரை போட்டு.
அங்கே அது இல்லாமல் கிறிஸ்மஸ் இல்லையாம்.
"ஒரு வாய்லயே தெரிஞ்சிட்டு. புளிச்சக்கீரைங்க!
பூவுக்கு அடியில செவப்பா இருக்கும்லா, அது.
இவங்க கீரையத் தொட மாட்டாங்க,
நாம பூவத் தொட மாட்டோம்."
சிரித்தாள்.
சிரிப்பின் நடுவில் லைன் அறுந்தது.
மீதிச் சிரிப்புக்கு இரண்டு நாள் காத்திருந்தேன்.

சயான் மார்க்கெட்டில் அம்பாடி என்றால்தான் புரியும்.
கட்டுக்கட்டாகக் கீரை இருந்தது. பூ?
வசாயிலிருந்து வரும் சுனந்தாபாய்
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"ஆட்டுக்கா?"
மனைவிக்கு, என்றேன்.
முழுப் பொய்யும் இல்லை.
மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.
"வயல்ல கெடந்தது, காசு எதுக்கு."

நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினேன்.
பல்பை மாற்றினேன், எரியவில்லை.
வயரைத் திருகினேன், ஃபியூஸ் போனது.
ஒரு தீவுக்கே மின்சாரம் கொடுக்கப் போனவளின்
வீட்டு வாசலில்
இருட்டாக ஒரு காகித நட்சத்திரம்.
மூன்றாம் மாடி தேஷ்பாண்டே
"நல்லா இருக்கு" என்றார், மரியாதைக்கு.

இருபத்தைந்தாம் தேதி அதிகாலை மூன்று மணி.
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
ஒவ்வொரு காயாக விதை நீக்கிக் கொதிக்கவைத்தேன்.
சர்க்கரை டப்பாவில் அடிமட்டம் ஒட்டிக் கிடந்தது.
குடித்தேன். பல் கூசியது.
இத்தனை புளிப்பை எர்லின்
எத்தனை சர்க்கரையில் சமாளித்தாளோ.

நாலரை ஆராதனை.
அவளுக்கு இன்னும் நேற்று, மாலை ஏழு.
கைகுலுக்க வந்த ராஜமிக்கேல்
என் விரல்களைப் பார்த்துப் பதறினான்:
"என்னண்ணே, ரத்தமா?"
"கீரை" என்றேன்.

இரண்டாம் பாட்டின்போது
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
எரியுது. நாலு டிகிரி.
வாழ்த்து இல்லை, கையெழுத்து இல்லை.

ஐயர் ஜெபித்துக்கொண்டே போனார்,
ஆளுகிறவர்களுக்காக, நோயாளிகளுக்காக,
தூரதேசத்தில் இருப்பவர்களுக்காக.
எல்லோரும் ஆமென் சொன்னபோது
நான் நாலு டிகிரி என்று சொல்லிவிட்டேன் போல.
பக்கத்திலிருந்தவர்
ஒரு கண்ணை மட்டும் திறந்து
மூடிக்கொண்டார்.