ஒலி அணைந்திருக்கிறது

ஞாயிறு பத்தேகாலுக்கு நான் கதவு திறப்பேன்.
கதவென்றால் ஒரு நீலப் பொத்தான்.
காத்திருப்பு அறையில் பெயர்கள் வந்து நிற்கும்:
ஐலா கொஸ்கெலா. டக் பெல்லமி.
'ஐபேட்' என்று மட்டும் ஒருவர்.
ஒவ்வொருவராக உள்ளே விடுவேன்.

தண்டர் பேயில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கட்டடத்தை இரண்டு வருடம் முன்பே விற்றாயிற்று,
சூடேற்றக் கட்டுப்படியாகவில்லை.
இப்போது அங்கே யோகா சொல்லித்தருகிறார்கள்.
எங்கள் யூனிடேரியன் சபைக்கு மிஞ்சியது
ஒரு பித்தளைத் தீக்கிண்ணம்.
டொரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்,
பின்னால் ஃபிரிட்ஜ் தெரிய, அது எரியும்.

என்னைக் கணினிக்காரி என்று நினைத்துத்தான்
இந்த வேலையைத் தந்தார்கள்.
நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்:
இருட்டில் உட்கார்ந்து
மனிதர்களைச் சட்டத்துக்குள் பார்ப்பது.

கடவுள் உண்டா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
'இல்லை' என்று தெருவுக்கே கேட்கச் சொல்லும் வீட்டில் வளர்ந்த எனக்கு
அந்த மௌனம் முதலில் ஏமாற்று வேலையாகப் பட்டது.
பிறகு காபி பிடித்துப்போனது.
இப்போது காபியும் அவரவர் வீட்டில்.

பாட்டு நேரத்தில் எல்லோர் வாயையும் நான் அடைக்க வேண்டும்.
இல்லாவிட்டால் இணையம் ஒரு பாட்டை
இருபத்திரண்டு பாட்டாக்கிவிடும்.
பியானோ மட்டும் கேட்கும்;
கட்டங்களில் வாய்கள் திறந்து திறந்து மூடும்.
பெல்லமியின் மனைவி எந்தச் சுருதியில் பாடுகிறாள் என்பது
அவர்கள் பூனைக்கு மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு மகிழ்வும் துயரும்.
விரும்பியவர் மனதில் இருப்பதைச் சொல்லி
ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம்.
முடித்ததும் நாங்கள் 'கேட்டோம்' என்போம்.
வழக்கம்.

ஆர்வோ நீமி அன்று கை தூக்கினார்.
எண்பத்தாறு வயது,
துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர்,
இந்த நேரத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.
தொண்டையைச் செருமினார். தொடங்கினார்.
ஒலி அணைந்திருந்தது.

இன்னொருவர் ஒலியைத் திறக்க எனக்கு அதிகாரமில்லை,
மூடத்தான் முடியும்.
திறக்கும்படி வேண்டுகோள் அனுப்பலாம். அனுப்பினேன்,
மூன்று முறை.
அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.
'ஆர்வோ, மைக்!' என்று யாரோ எழுதினார்கள்.
அவர் நேராக எங்களைப் பார்த்து,
அதாவது அந்தச் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்து,
பேசிக்கொண்டே இருந்தார்.

கேமராவுக்கு மிக அருகே எதையோ தூக்கிக் காட்டினார்.
பழுப்பாக, வளைவாக;
நாயின் கழுத்துப் பட்டையாக இருக்கலாம்,
கைக்கடிகார வாராகவும் இருக்கலாம்.
ஒருமுறை சிரித்தார்.
பிறகு வாய் கோணியது, நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அதுவாவது எங்களுக்குப் புரிந்தது.

மூச்சை இழுங்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.
நாள் முழுக்க நான் சொல்லும் வாக்கியம்.
அன்று மற்ற இருபத்தொரு கட்டங்களும்
யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டிருந்தன.
ஐலா மட்டும் திரைக்கு நெருங்கி வந்து
அவர் உதடுகளோடு தன் உதடுகளை அசைத்தாள்.
ஃபின்னிஷ்.
ஒலி வந்திருந்தாலும் எங்களுக்கு விளங்கியிருக்காது.

மெழுகுவத்தி ஏற்றினார். இரண்டு தீக்குச்சி வீணாயின.
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.
டொரின் தீக்கிண்ணத்தைப் பார்த்தாள்,
ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள்,
'கேட்டோம்' என்றாள்.
இருபது வாய்கள், ஓசையில்லாமல்:
கேட்டோம்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் செய்தார்.
இணைப்பு எண் தொலைந்துவிட்டதாம்.
சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிறகு,
'அன்றைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேனோ?'
வெளியே ஒரு பையன்
உடைந்த மணிக்கட்டை மடியில் வைத்துக் காத்திருந்தான்.
'இல்லை' என்றேன். 'கொஞ்சம்கூட இல்லை.'
'நல்லது. ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது.'
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் கடவுச்சொல்லை
இன்னொரு முறை கேட்டார்.