முப்பத்தாறு இலை

நானூறு பேர் என்றார் தேனப்பன்.
தலையாட்டிவிட்டு வெளியே வந்து
காரைக்குடி அச்சகத்துக்குப் போன் போட்டேன்.
மணிவிழாப் பத்திரிகை எத்தனை அடித்தீர்கள்?
அறுநூற்றைம்பது.
அதில் பாதிப் பேர் சிங்கப்பூரிலிருந்து
வாழ்த்து மட்டும் அனுப்புவார்கள்.

முந்தின நாளே பள்ளத்தூர் போய்
இரண்டாம் கட்டில் வெயிலுக்குப் போட்டிருந்த
பாய்களை எண்ணினேன்.
கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன்.
பருப்பு வேகாது,
லாரிக்குச் சொன்னேன்.
நோட்டில் நானூற்றி அறுபது என்று எழுதினேன்,
அவரிடம் சொல்லவில்லை.

என் நோட்டில் விருந்தாளி பெயர் கிடையாது.
வெண்டைக்காய் மண்டிக்கு
அரிசி கழுவிய தண்ணீர் எத்தனை குடம்,
கவுனி அரிசி எப்போது ஊற வேண்டும்,
வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற ராக்கப்பனுக்குக்
கோபம் வந்தால் யார் பேச வேண்டும்
என்பதெல்லாம் இருக்கும்.

பதினொன்றரைக்கு முதல் சாதம் வடித்தாயிற்று.
பட்டாலை நெடுக ஐம்பது இலை.
உப்பு, ஊறுகாய்,
மாங்காய்ப் பச்சடி வைத்துக்கொண்டிருக்கும்போது போன்:
ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி நின்றுவிட்டது.
தேவகோட்டைச் சம்பந்தி வீட்டு மூன்று பஸ்ஸும்
அந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பதினாலு பேர்.

போட்ட இலை காயக்கூடாது.
வைத்த பச்சடியை வழித்தெடுக்கக்கூடாது.
இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம்
இவ்வளவுதான்.

ராக்கப்பா, அடுத்த உலை கொதிக்கட்டும்,
கேட் திறந்தது என்று நான் சொல்லும் வரை
அரிசி போடாதே.

வாசலுக்குப் போனேன்.
மேள செட்டு, கார் டிரைவர்கள்,
ஜெனரேட்டர் ஆள், பூ கட்டுகிற பெண்கள்,
போட்டோகாரர், லைட் பிடிக்கிற பையன்.
வாங்க, சாப்பிடலாம் என்றேன்.
யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தார்கள்.
தவில்காரர் விரல் கூடுகளைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்,
எந்த நிமிஷமும் எழுப்பிவிடுவார்கள் என்பது போல
அரைச் சம்மணத்தில்.

தேனப்பன் புருவம் ஏறியது.
உமையாள் ஒன்றும் பேசவில்லை.
என் பையன் கையிலிருந்த நெய்க் கிண்ணத்தை வாங்கி
தவில்காரர் இலையிலிருந்து ஆரம்பித்தாள்.
புருவத்துக்கு இறங்குவதைத் தவிர
வேறு வழி இல்லை.

ஒன்றே காலுக்குக் கேட் திறந்தது.
அரிசி விழுந்தது.
பஸ் வந்து, கால் கழுவி,
சந்தனம் பூசி, நலம் விசாரித்து
அவர்கள் உட்கார்ந்தபோது
சாதத்தில் ஆவி இருந்தது.
நல்ல சாப்பாடு என்று யாரும் சொல்லவில்லை.
மறுசாதம் கேட்டார்கள்.

போட்டோகாரர் மட்டும் வேனுக்கே வந்தார்:
பதினோரு வருஷமா விசேஷ வீட்டுல சாப்பிடுறேன்க்கா,
ரசம் சுட்டது இன்னைக்குத்தான்.

சாயங்காலம் முகப்பில் கணக்கு.
நானூற்றி ஐம்பத்திரண்டு இலை என்றேன்.
தேனப்பன் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே,
அந்த முப்பத்தாறு நம்ம விருந்தாளி இல்லையே, என்றார்.
கழித்துக்கொண்டார்.
மீதியைப் புது நோட்டாக
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.
நான் ஒரு தடவை எண்ணினேன்.

வேனில் கரண்டி எண்ணினோம்.
நாற்பத்திரண்டில் ஒன்று குறைந்தது.
ராக்கப்பன் டார்ச் எடுத்துக்கொண்டு
கிணற்றடி வரைக்கும் போய்
வெறுங்கையோடு வந்தான்.

வெள்ளிக்கிழமை புதுவயலில் காதுகுத்து.
இருநூறு பேர் என்றிருக்கிறார்கள்.
காலையில் முதல் வேலையாக
அச்சகத்துக்குப் பேச வேண்டும்.