யாரும் கேட்காத பரிசோதனை

பூபாலனின் குழாய் என் கைக்கு வந்தபோது
இரவு இரண்டே கால்.
பார்கோடு கோணலாய் ஒட்டியிருந்தது.
ட்ரோபோனின், கொழுப்பு, சர்க்கரை.
மருத்துவர் கேட்டவை அவ்வளவுதான்.
மிச்சமிருந்தது அரைத் தேக்கரண்டி சீரம்,
பாலில்லாத தேநீரைவிட வெளிறி.
கேட்காத ஒரு கட்டத்தில் குறியிட்டேன்.
பதினாறு வருட வேலையில்
அது ஒன்றுதான் என் திருட்டு,
அதுவும் புருஷனிடம்.

இயந்திரம் இருபது நிமிடம் யோசித்தது.
வைட்டமின் டி: ஒன்பது.
இருபதாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

அதுவும் டர்பனில்!
சன்னல் கம்பியைத் தொட்டால் விரல் சுடும் ஊரில்,
ஜூலைக் குளிரிலும் மத்தியானத்துக்குள்
துணி காய்ந்துவிடும் ஊரில்.

கடலோரச் சூதாட்ட விடுதியின் அடியில்
மூன்றாம் நிலவறையில்
கார்களுக்குச் சீட்டுக் கிழிக்கிறவன் அவன்.
பொழுது சாய இறங்குவான்.
விடிந்ததும் சாட்ஸ்வொர்த் வந்து
சன்னல் திரைக்கு மேல் போர்வையையும் ஆணியடித்துத் தூங்குவான்.
வாரத்தில் ஒரு ஞாயிறு உண்டு,
வானத்தில் ஒரு ஞாயிறு உண்டு.
அவனுக்கு இரண்டும் விடுப்பில் போயிருந்தன.

அகப்பட்டான் குற்றவாளி என்று நினைத்தேன்.
எத்தனை சௌகரியமான குற்றவாளி!
சிகரெட் இல்லை.
அவன் அப்பா நாற்பத்தாறில் சரிந்தது இல்லை.
அதிகாலை மூன்றுக்கு
அரை ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தின்றது இல்லை.
நாங்கள் நான்கு மாதமாய்ப் பேசாததும் இல்லை.
வெறும் வெயில்.
மாத்திரை போட்டால் திரும்பி வந்துவிடும் வெயில்.

மூன்றாம் நாள், ஸ்டென்ட் வைத்தவரிடம் ஒப்புக்கொண்டேன்.
டாக்டர் நளாயினி படையாச்சி திட்டவில்லை,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம். உண்மை.
ஆயிரக்கணக்கானோருக்கு, ஆண்டுக்கணக்காய்
கொடுத்துப் பார்த்தார்கள்.
மாரடைப்பு குறையவில்லை. அதுவும் உண்மை.
எலும்புக்கென்று எழுதித் தருகிறேன்.
இதயத்துக்கென்று பொய் சொல்ல மாட்டேன்."

ஹிக்கின்சன் நெடுஞ்சாலை ஏற்றத்தில்
டாக்ஸி முனகிக்கொண்டிருந்தது.
நெருப்பில்லாமல் புகையாது, சரி.
புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையுமா?
ஒன்பது என்பது நோயா,
இல்லை, ஒரு மனிதன் எத்தனை காலம்
வெளியே வரவேயில்லை என்று
ரத்தம் எழுதிவைத்த வருகைப் பதிவேடா?

மாத்திரையை வாரம் ஒன்றாய்க் கொடுத்தேன்.
இதயத்துக்கு என்றேன்.
டாக்டர் சொல்லாத பொய்யை யாராவது சொல்ல வேண்டுமே.
மாத்திரை மட்டும் போதாது,
பதினொரு மணி வெயில் மேலில் படணும் என்றும் சேர்த்தேன்.

சனிக்கிழமைகளில் பங்களாதேஷ் சந்தை வரை,
திரும்பும்போது மேட்டு வழி.
சட்டைப் பொத்தான் மூன்றைக் கழற்றி
வெயிலை உள்ளே விட்டான்,
கடன்காரனுக்குக் கதவு திறக்கிறவன் முகத்தோடு.
முதல் வாரம் பேச்சில்லை.
இரண்டாம் வாரம் கொத்தமல்லி விலை.
ஐந்தாம் வாரம் ஒரு குரங்கு
என் பையிலிருந்து நார்ச்சிப் பழத்தைப் பிடுங்கி
மதிலில் உட்கார்ந்து எங்களெதிரே உரித்தது.
அவன் சிரித்தான்,
கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு.
வலிக்கிறதா என்றேன்.
பழக்கதோஷம் என்றான்.

வெயிலுக்கென்றுதான் புறப்பட்டோம்.
நடந்தது என்னவோ
கால்கள்.

செப்டம்பரில் மறுபடி ரத்தம்.
இம்முறை படிவத்தில் முறைப்படி எழுதியிருந்தது.
முப்பத்தொன்று.
நான் சந்தோஷப்படவில்லை, படாமலும் இல்லை.
எண் ஏறியிருக்கிறது.
வேறு என்ன ஏறியது, என்ன இறங்கியது,
அதற்கு எங்கள் கூடத்தில் குழாய் கிடையாது.

வேலை முடிந்து வீடு வந்தேன்.
சன்னலில் போர்வை இல்லை.
ஆணிகள் இருந்தன.
அவற்றை அவன் இன்னும் பிடுங்கவில்லை.