எட்டுக்கால்

இருபதாம் தேதி, கடைசி நாள்.
பதினேழு கடைகளின் வரிக்கணக்கு
என் மேஜைக்கடியில் ஒரு தகரப் பெட்டிக்குள்.
பயாஸைப் புதுப்பிக்கவா என்று கேட்டது.
புத்தியில்லாமல் சரி என்றேன்.
அறுபத்து மூன்று சதவீதத்தில்
காம்ப்ளே வீட்டில் கீசர் போட்டார்கள்.
எங்கள் மாடிக்கே ஒரு ட்ரிப் ஸ்விட்ச்.
விளக்கு திரும்பியது.
பெட்டி திரும்பவில்லை.

பேச்சுமூச்சில்லை என்பார்களே,
இதற்கு மூச்சு இருந்தது.
விசிறி சுற்றியது, திரை கறுப்பு.

லாமிங்டன் ரோட்டில் கணுக்கால் வரை மழைத் தண்ணீர்.
பாவேஷ் போர்டின் பெயரைக் கேட்டான்,
குழாயிலிருந்து ஒன்றை உதறி எடுத்தான்.
புளியங்கொட்டை அளவு, கறுப்பு, எட்டுக் கால்.
நாலு நிமிஷம் எழுதினான்.
முந்நூற்றைம்பது ரூபாய்.
"ஏக் நம்பர்" என்றான்.
சரக்கைத்தான் மெச்சுகிறான் என்று நினைத்தேன்.
சிப்பின் மூலைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினான்:
ஒன்றாம் நம்பர் கால்.

அன்டாப் ஹில் வந்து சேர மணி ஐந்து.
பழையதைப் புருவக் கத்தியால் நெம்பினேன்.
புதியதை அழுத்தினேன்.
ஏழு கால் ஒழுங்காக உள்ளே போக
ஒன்று மட்டும் வயிற்றுக்கடியில் மடங்கி
சம்மணம் போட்டுக்கொண்டது.
ஊக்கால் நிமிர்த்தினேன்.
அந்த நேரம் சாமி பெயர் எதுவும் வரவில்லை,
மொஹிதீன் தோல்பைக் கடையின்
ரசீது எண்கள்தான் வாயில் வந்தன.

நீளமாக ஒரு கத்தல். மறுபடி ஒரு கத்தல்.
ராம் பட்டையை உருவி
பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
கத்தல் நின்றது. வெளிச்சமும் இல்லை.
காசு போன்ற பேட்டரியைக் கழற்றி
ஒரு டீ குடிக்கும் நேரம் வெளியே வைத்தேன்.
டீயும் குடித்தேன்.
போட்டதும் திரை விழித்தது,
விழித்து, வட்டு எதுவும் இல்லை என்றது.
இருக்கிறது, கை வைத்தால் சூடு தெரிகிறது.
புதுச் சிப்புக்கு அதனோடு பேசும் முறை தெரியவில்லை.
ஐடிஇ என்றிருந்ததை ஏஹெச்சிஐ ஆக்கினேன்.
கோப்புகள் வந்தன, பதினேழும்.

வரித்தளம் கதவைத் திறக்கவில்லை.
அதன் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம்.
இன்னுமா?
மூலையில் தேதி பார்த்தேன்:
2012, ஜனவரி ஒன்று.
இந்த வரியே பிறக்காத வருஷம்.
மொஹிதீன் கடை அப்போது வெறும் சுவர்.
எனக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி மட்டும் போதும்.
அருள்தாசனுக்கும் எனக்கும் பேச்சு இருந்தது.

மறுபடி உள்ளே போய்
பிளஸ் கீயைத் தட்டினேன்,
ஒரு தட்டுக்கு ஒரு வருஷம்.
பதினைந்தில் விரல் நின்றது.
அப்படியெல்லாம் இல்லை,
சட்னி கொட்டிய கீபோர்டு, ஒட்டிக்கொள்ளும்.
ஊரடங்கு வருஷமும் ஒரே தட்டுதான்.

வெளியேறும்போது கண்ணில் பட்டது:
வரிசை எண் என்ற இடத்தில்
'உற்பத்தியாளர் நிரப்ப வேண்டியது'.
யாரும் நிரப்பப் போவதில்லை.
ஓடுகிறது.

பதினொன்றே காலுக்கு ஆறு கடை பாக்கி.
பதினொன்றரைக்கு காம்ப்ளே
பஸ் கண்டக்டர் பையோடு படியேறுவார்,
நேரே குளிக்கப் போவார்.
ஸ்டவ்வில் பெரிய அண்டாவை ஏற்றினேன்.
கொதித்ததும் இரண்டு கைப்பிடித் துணியோடு தூக்கிப் போய்
அவர் கதவைக் காலால் தட்டினேன்.
"பன்னிரண்டு மணி வரைக்கும்
அந்த ஸ்விட்சை மட்டும் தொடாதீங்க."
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வாங்கிக்கொண்டார்.