கணக்கு உதைக்கிறது

வியாழன் இரவு. கிளப் சமையலறையில்
பொரித்த எண்ணெய் ஆறிக்கொண்டிருக்கிறது.
நான் பொருளாளர். பகலில்
கோதுமைக் குதிர் ஆபீசில் லாரி எடை பார்க்கிறவள்.
ஏற்றி ஒரு எடை, இறக்கி ஒரு எடை,
வித்தியாசம்தான் சரக்கு.
எனக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவே.

மேசையில் மூன்று பேர், ஒரே கேள்வி:
பெண்கள் அணி அடுத்த வருஷமும் வேண்டுமா?

எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
இருபத்து மூன்று பனியன்
(ஆண்களின் பழசைப் போட்டு ஓடிய முதல் வருஷம்
கைத்துளை இடுப்புவரை தொங்கியது).
நடுவர் படி. பிளாஸ்திரி, பெட்டி பெட்டியாக.
உடைமாற்றும் அறையில்
ஆண்கள் நின்று போகும் தொட்டியை மறைக்க
ஒட்டுப்பலகை, இரண்டு.
வரவு: கேக் விற்றது,
அரை ஆடு பரிசாக வைத்த குலுக்கல்.
கூட்டினால் உதைக்கிறது கணக்கு.

"நான் எதிரி இல்லை, மெர்லா" என்றார்
தலைவர் டேரல் வின்டர்போர்ன்.
"எண்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன்."
ஆண்கள் அணியின் எண்கள் என்ன சொல்கின்றன என்று
நாற்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை.
அது நட்டமில்லை. அது ஊர்.

ஆட்டத்துக்கு நான்கு கால்.
கெரின் ஓல்டேக்கருக்கு இரண்டுதான் இருந்தது,
மூன்றாம் காலில் ஒன்று போனது.
ஜூலை. உறைபனி விலகாத புல்.
எல்லார் தோளுக்கும் மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தாள்,
இறங்கினாள்.
ஆரஞ்சுத் தட்டோடு எல்லைக்கோட்டில் நின்ற எனக்கே கேட்டது,
காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.
பந்தை அவள் விடவில்லை.

தபால் பைக் ஓட்டுகிறவள்.
அரசு ஆஸ்பத்திரியில் வரிசை பதினோரு மாசம்,
தனியாரில் ஒரு பழைய கார் விலை.
காரை விற்றாள்.
"எப்படியும் கிளட்ச் மிதிக்க முடியாதே" என்று சிரித்தாள்.

அதையும் எழுதியிருந்தேன், சிவப்பு மையில்.
கூட்டத்துக்கு முன்னால் அவளிடம் காட்டப் போனேன்.
மூட்டின் மேல் உறைந்த பட்டாணிப் பை,
பட்டாணி பாதி இளகிவிட்டது.
படித்தாள். "இதை அடி."
"உண்மைதானே?"
"உண்மைதான். டேரல் இதைப் பார்த்து இரக்கப்படுவார்.
இரக்கப்பட்டே மூடுவார்.
என் மூட்டை முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்தாதே."

பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு:
"பதினாலு வயசில் பையன்களோடு ஆடக்கூடாது என்று
வெளியே நிறுத்தினார்கள்.
அடுத்த பதினைந்து வருஷம் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, மெர்லா.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவாய்?"

அடிக்கவில்லை. பொய்க்கணக்கு எனக்கு வராது.
மூட்டுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்:
பதினைந்து வருஷம், காயமில்லாமல்.
தொகைக் கட்டம் காலி.

டேரலின் பேனா அங்கே வந்து நின்றது.
"இங்கே தொகை விட்டுப்போச்சே?"
"விட்டுப்போகவில்லை."
குளிர்ப்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

இரண்டுக்கு ஒன்று.
இன்னும் ஒரு வருஷம், அதற்குமேல் பேச்சில்லை,
பிளாஸ்திரி அவரவர் கைக்காசு.
இதை வெற்றி என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு.
மினிட் புத்தகத்தில்
'தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

மார்ச்சில் பயிற்சி ஆட்டம்.
கோல் கம்பத்தருகே வெள்ளைக் கோட்டில் கெரின்,
அக்குளில் ஊன்றுகோல்.
தவறிய பந்துக்கும் ஒரு புள்ளி தருகிற ஆட்டம் இது.
அதற்கு ஒற்றைக் கொடி போதும்,
ஒரு கையால் சமாளித்தாள். மூன்று முறை.

நான்காவது பந்தை உதைத்தவள் புதுசு,
பேக்கரி யூனிபாரத்தோடு வந்து இறங்கியவள்.
நடுக் கம்பங்களுக்கு ஊடே, உயரத்தில், நேராக.
இரண்டு கொடி வேண்டும்.

ஊன்றுகோல் புல்லில் விழுந்தது.

எதிர்முனை பதில் காட்டும்வரை
கொடியை இறக்கக்கூடாது.
எதிர்முனையில், வேறு ஆள் கிடைக்காமல், டேரல்.
நிதானமாகத்தான் எடுத்தார் கொடிகளை,
ஒன்று, பிறகு மற்றது.
அதுவரை
அவள் நின்றாள்.